படபடக்கும் நெஞ்சோடு பழகுதல்: பதின்பருவப் பதற்றமும் உடற்பயிற்சியும்

பதற்றத்துக்காக ஆலோசனைக்கு வரும் பதின்பருவத்தினர் பெரும்பாலும் தங்கள் மனத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றைப் பிசைகிறது என்று உடம்பைப் பற்றித்தான் முதலில் சொல்கிறார்கள். தேர்வு, வகுப்பின் முன்னால் நின்று பேசுவது, கூட்டமான இடம் என ஏதோ ஒன்றில் தொடங்கிய பயம், நாளடைவில் அந்த உடல் உணர்வுகளைப் பற்றிய பயமாகவே மாறிவிடுவதை அவர்களிடம் அடிக்கடி காண்கிறேன். உடற்பயிற்சி மிக நேரடியாகக் கைகொடுப்பது இந்த இரண்டாவது பயத்துக்குத்தான் என்பது என் கருத்து.

பதற்றத்தின் அறிகுறிகளைக் கண்டே அஞ்சும் இந்த இயல்பை ஸ்டீவன் ரைஸ், ரிச்சர்ட் மெக்னாலி ஆகிய உளவியலாளர்கள் 1985இல் தனியாக அடையாளம் காட்டினார்கள். இந்த இயல்பு மிகுதியாக உள்ள பிள்ளைக்கு இதயம் சற்று வேகமாகத் துடித்தாலே ஏதோ ஆபத்து நேரப்போகிறது என்று தோன்றும். அந்த எண்ணமே இதயத்தை முடுக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோனை மேலும் சுரக்கச் செய்ய, துடிப்பு இன்னும் கூடும். அதனால் அந்தப் பிள்ளை மெல்ல மெல்ல மாடிப்படி ஏறுவதையும் விளையாட்டு வகுப்பையும் தவிர்க்கத் தொடங்குகிறது. தவிர்த்த அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கிறது, ஆனால் பயம் உள்ளுக்குள் வலுப்பெறுகிறது. சோம்பல் என்று வீட்டில் கண்டிக்கப்படும் பிள்ளைகளில் சிலர் உண்மையில் இந்த நிலையில் இருப்பவர்கள் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

ஓடும்போதும் வேகமாக மிதிவண்டி மிதிக்கும்போதும் அதே படபடப்பு, அதே மூச்சிரைப்பு, அதே வியர்வைதான் வருகின்றன. ஆனால் அவை பாதுகாப்பான சூழலில், காரணம் தெரிந்து, தானே விரும்பித் தொடங்கிய செயலால் வருகின்றன. சற்று ஓய்ந்ததும் தாமாகவே அடங்குகின்றன. இதயம் வேகமாகத் துடித்தும் எதுவும் ஆகவில்லை என்பதை எவரும் எடுத்துச் சொல்லாமலே பிள்ளை தன் உடலிலிருந்து கற்றுக்கொள்கிறது. உளவியல் சிகிச்சையில் நாற்காலியில் சுழலவைத்தும், ஒரே இடத்தில் நின்று ஓடவைத்தும் நாங்கள் திட்டமிட்டுச் செய்யும், பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சியும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். இதில் ஒரு நுட்பம் உண்டு. படபடப்பு ஏறும் கணத்தில் பயந்து சட்டென நிறுத்திவிட்டால், நிறுத்தியதால்தான் தப்பித்தேன் என்ற பாடமே பதியும். எனவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, முழுவதுமாக நிற்காமல், மூச்சு சீராகும்வரை நடந்துகொண்டே இருக்கச் சொல்கிறேன்.

இந்த வயதில் இது ஏன் முக்கியம் என்பதற்கு மூளையின் வளர்ச்சியும் ஒரு காரணம். ஆபத்தை உணர்த்தும் மூளைப் பகுதியான அமிக்டலா முன்னதாகவே முனைப்பாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. அதை நெறிப்படுத்தும் முன்மூளைப் பகுதியோ ஏறத்தாழ 25 வயதுவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு பயம் தணியும்போது பழைய நினைவு அழிவதில்லை. இது பாதுகாப்பானது என்ற புதிய நினைவு அதன்மேல் உருவாகிறது. மனிதர்களிடமும் எலிகளிடமும் நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, இந்தப் புதிய கற்றல் குழந்தைகளையும் பெரியவர்களையும்விடப் பதின்பருவத்தில் பலவீனமாக இருப்பதைக் காட்டியது. நரம்பணுக்களின் இணைப்புகளை வலுப்படுத்தும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் உடற்பயிற்சியால் கூடுகிறது. அது பயம் தணியும் கற்றலுக்குத் துணைபுரிவதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. பதின்பருவத்தினரிடமும் அவ்வாறே நிகழக்கூடும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது. உறுதியாக நிறுவப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

சிகிச்சையின் இடத்தை உடற்பயிற்சி பிடித்துக்கொள்ளும் என்றும் நான் சொல்லமாட்டேன். திடீர் திடீரெனக் கடும் பயம் தாக்கும் பீதி நோய் உள்ள பெரியவர்களிடம் 10 வாரங்கள் நடத்தி 1998இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓட்டப்பயிற்சி மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட நல்ல பலன் தந்தது. ஆனால் குளோமிப்ரமைன் என்ற மருந்து அதைவிட விரைவாகவும் கூடுதலாகவும் பலன் தந்தது.

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் மிதமான அல்லது தீவிரமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்த அளவை எட்டுவதில்லை, எட்டும் பெண் பிள்ளைகள் இன்னும் குறைவு என்பதும் அந்நிறுவனம் தரும் தகவலே. ஆனால் அஞ்சி ஒடுங்கியிருக்கும் பிள்ளையிடம் 60 நிமிடம் என்று தொடங்குவது அதை மேலும் ஒடுக்கிவிடும். 10 நிமிட வேகநடை போதும். பழகப் பழக நேரத்தையும் வேகத்தையும் கூட்டலாம். எதைச் செய்வது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பிறர் பார்வைக்கு அஞ்சும் பிள்ளையைக் குழு விளையாட்டில் தள்ளிவிடாமல், தனியாகவோ நம்பும் ஒருவருடனோ தொடங்கவைப்பது நல்லது. உடல் எடையைப் பற்றிய பேச்சு இதற்குள் வரவே கூடாது. தண்டனையாக ஓடவைத்தால், பாதுகாப்பைக் கற்றுத்தர வேண்டிய ஒன்று இன்னொரு பயமாகிவிடும்.

உடலுழைப்பின்போது நெஞ்சுவலி அல்லது மயக்கம் வந்திருந்தாலும், ஆஸ்துமா இருந்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மாரடைப்பு மரணம் நேர்ந்திருந்தாலும், முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டே தொடங்க வேண்டும். ஒருநாள் பயிற்சி தவறினாலே பிள்ளை தத்தளிப்பதும், உணவைக் குறைத்துக்கொண்டே பயிற்சியைக் கூட்டுவதும் உணவு சார்ந்த மனநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். வாரக்கணக்கில் பள்ளிக்குப் போக மறுத்தாலோ, தொடர்ந்து தூக்கம் கெட்டாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றிப் பேசினாலோ, உடற்பயிற்சியைச் செய்து பார்ப்போம் என்று காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரை அணுகுங்கள். சிகிச்சை தொடங்கிய பின், எந்த அளவு பயிற்சி செய்யலாம் என்பதையும் அவரிடமே கேட்டு, அதைச் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.