பிகோனியாக் கிழங்கு இராசவள்ளி இல்லை

போன சனிக்கிழமை செடி விற்கும் எங்கள் நேசரி திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் செடியும் இல்லை, சாடியும் இல்லை, போன் மட்டும்தான். ரொறன்ரோவில் இருக்கும் மகள் வீடியோ அழைப்பில் காத்திருந்தார். அங்கே நடுநிசி. பேஸ்மென்டிலிருந்து எடுத்துவந்த சொப்பிங் பேக்கின் முடிச்சை எனக்கு முன்னாலேயே அவிழ்த்தார். உள்ளே பிகோனியா என்ற பூச்செடியின் கிழங்குகள் ஏழு. பையின் உட்பக்கமெல்லாம் வியர்த்து நீர்த்துளி நின்றது. "ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால அமத்திப் பாருங்கோ பிள்ளை" என்றேன். அமத்தினார். தோல் விலகிப் பழுப்பு நிறக் கூழ் விரலிடுக்கால் வழிந்தது.

"நல்லாக் கழுவித்தானே வைச்சனான், அன்ரி" என்றார். குரல் தழுதழுத்தது.

இந்த மாதம் மட்டும் இது ஐந்தாவது. தென் இங்கிலாந்தில் ஒரு நேசரியில் நான்கு குளிர்காலம் வேலை செய்துவிட்டு வந்தவள் நான் என்பது இங்கே பலருக்குத் தெரியும். அதனால் லண்டன், ரொறன்ரோ பிள்ளைகளின் பூச்சாடிகளெல்லாம் என் கவுண்டருக்கு வருகின்றன. வரட்டும். ஆனால் செத்த பிறகு வருகின்றன. அதுதான் வயிற்றெரிச்சல்.

பிள்ளைகள் செய்கிற பிழைகளில் பாதி, இங்கிருந்து நாங்கள் சொல்லிக்கொடுப்பது. "கிழங்குதானே, மண்ணுக்குள்ள கிடக்கட்டும், காலம் வந்தா தானா முளைக்கும்." எத்தனை அம்மாமார் இதை என் முன்னாலேயே போனில் சொல்லியிருக்கிறார்கள்! இராசவள்ளிக்கு அது சரி. மஞ்சளுக்கும் கருணைக்கும் சரி. அவை கோடையில், சூடான மண்ணில் தூங்கி, மழைக்கு எழும்புகிற கிழங்குகள். எங்கள் மண் ஒருநாளும் உறைவதில்லை. ரொறன்ரோவில் தை மாதத்து மண்ணில் மண்வெட்டி இறங்காது. பெரிய பூப் பூக்கும் கிழங்குப் பிகோனியாவின் பூர்வீகம் பொலிவியா, பெரு நாடுகளின் அந்தீஸ் மலைச்சரிவு. 1860களில் ரிச்சர்ட் பியர்ஸ் என்பவர் அங்கிருந்து சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பிய இனங்களைக் கலந்துதான் இன்று கடையில் விற்கும் வகைகளை உருவாக்கத் தொடங்கினார்கள். அந்த மலையில் செடி உறங்கும் பருவம் மழை குறைந்த பருவம். அதன் உறக்கத்துக்கு இரண்டு விஷயம் வேண்டும்: மண் உறையக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது. கனடாத் தோட்டத்தில் முதலாவது கிடைக்காது. லண்டன் தோட்டத்தில் இரண்டாவது கிடைக்காது. மதிலோரம், மழை படாத மூலையில், மேலே தடிப்பாகச் சருகு மூடி ஒரு குளிர்காலம் தப்பிய கிழங்கை லண்டனில் நானே கண்டிருக்கிறேன். அதை நம்பித் தோட்டம் முழுவதையும் விட்டுவிடாதீர்கள்.

இனிக் கழுவுகிற பழக்கம். தயவுசெய்து கழுவாதீர்கள். சமைக்கப் போகிற கிழங்கு இல்லை அது. நனைந்த கிழங்கைப் பொலித்தீனில் கட்டி, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் அழுகாமல் என்ன செய்யும்?

புரட்டாதி பிறந்ததும் உரத்தை நிறுத்துங்கள், தண்ணீரைக் குறையுங்கள். முதல் மென்பனி இலையைக் கறுப்பாக்கியதும், மண் உறையுமுன், தோட்டத்து முள்ளுக்கரண்டியால் செடிக்குத் தள்ளிக் கிளறி எடுங்கள். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். அடியோடு முறிக்காதீர்கள். முறித்த காயத்தால்தான் அழுகல் உள்ளே போகிறது. ஒன்றிரண்டு கிழமை காற்றோட்டமான, உறையாத இடத்தில் காகிதத்தில் பரப்பி வையுங்கள். மிச்சத் தண்டு காய்ந்து தானாகக் கழன்று விழும். மண்ணைக் காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, உலர்ந்த வேர்மிகுலைட்டிலோ (சாடி மண்ணில் கலக்கும் இலேசான கனிமத் துகள்) பத்திரிகைத் தாளிலோ வைத்துக் காட்போட் பெட்டியில் அடுக்குங்கள். ஒன்றோடு ஒன்று முட்டக் கூடாது. இருட்டான இடமாகவும் 5 முதல் 10 பாகை செல்சியஸாகவும் இருக்க வேண்டும். அடுப்படி அலுமாரி சூடு கூடிப்போகும். வெளியில் இருக்கும் ஷெட் உறைந்துபோகும். மாதம் ஒருமுறை திறந்து அமத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. மெத்தென்றிருந்தால் அந்த இடத்தை நல்ல சதை வரும்வரை வெட்டி, காயவிட்டு, தனியே வையுங்கள். கிண்டவே நேரமில்லை என்கிறவர்கள் சாடியோடு உள்ளே கொண்டுபோய், மண் காய்ந்தபின் பக்கவாட்டில் சரித்து விடலாம். நான் பார்த்தவரை அதுவும் மோசமில்லை.

ஒரு விஷயம், எல்லாப் பிகோனியாவுக்கும் கிழங்கு இல்லை. சின்னச் சின்னப் பூவும் மினுமினுப்பான இலையுமாகப் பாத்தியோரம் நடும் மெழுகுப் பிகோனியாவைக் கிண்டிவிட்டு, "கிழங்கைக் காணேல்லையே" என்று ஒரு தம்பி லண்டனிலிருந்து படம் அனுப்பினார். அதற்கு இருப்பது நார்வேர்தான். பனிக்கு முன் சாடிக்கு மாற்றி வெளிச்சமான யன்னலோரம் வையுங்கள், அல்லது ஆவணியிலேயே தண்டு வெட்டிப் பதியுங்கள். இலையழகுக்கு வளர்க்கும் ரெக்ஸ் வகையும் வீட்டுக்குள் வரவேண்டியதுதான்.

கொழும்புக்காரருக்கும் சொல்லவேண்டும். சித்திரை லீவுக்கு நுவரெலியா போய், பெரிய பூப் பிகோனியாச் சாடியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறீர்கள். அந்த ஊர் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே கொழும்பில் பெரும்பாலான இரவுகளில் வெப்பம் 22 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அந்தச் செடிக்கு இந்த இரவு தாங்காது. உரமும் தண்ணீரும் ஊற்றினால் இன்னும் வேகமாகப் போகும். யூடியூப்பில் லண்டன்காரர் சொன்னதைக் கேட்டுக் கிழங்கை ஃப்ரீசரில் வைத்த ஒரு ஐயாவும் வந்திருந்தார். ஃப்ரீசர் என்றால் உறைபனிதான் ஐயா! வீட்டுப் பல்கனிக்கு ஆசையென்றால் மெழுகுப் பிகோனியாவையோ, பிரம்புபோல் கணுவைத்து வளரும் உயரமான வகையையோ வையுங்கள். காலை வெயில் போதும்.

அந்த ரொறன்ரோப் பிள்ளையின் ஏழில் ஒன்று தப்பியிருந்தது. பையின் மேலே, முடிச்சுக்குப் பக்கத்தில் காற்றுப்பட்டுக் கிடந்த கிழங்கு. கமராவுக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் குழி. குழிக்குள் குண்டூசித் தலை அளவில் இளஞ்சிவப்பு முளை.

"குழிப்பக்கம் மேல பார்க்க வையுங்கோ பிள்ளை. கவிழ்க்காதேங்கோ. குழிக்குள்ள தண்ணி விடாதேங்கோ, சுத்திவர மட்டும் கொஞ்சம்."

அம்மா இடையில் புகுந்து, "நாளாந்தம் ஒரு கப் விடட்டே?" என்று கேட்டார்.

"வேண்டாம் அக்கா. மேல்மண் காய்ந்தால் மட்டும்." வீட்டுக்குள், 18 முதல் 20 பாகையில், வெளிச்சமான இடத்தில் வைக்கச் சொன்னேன். மே மாத விக்டோரியா நாள் லீவு கழியும்வரை வெளியே எடுக்கவேண்டாம். எடுத்தாலும் முதல் ஒரு கிழமை பகலில் நிழலில், இரவில் உள்ளே.