நுனியில் தீ, கையில் ஆபத்து

போன மாதம் ஈசூனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உயர்நிலை நான்கில் படிக்கும் அக்கா மகன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "மாமா, இதப் பாருங்க." எந்த நாட்டுக் காணொளி என்று தெரியவில்லை. ஓர் இளைஞர் வீட்டுச் சாமான்களைக் கோத்துத் தானே செய்த கருவியிலிருந்து தீயைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். இரண்டு ஆள் நீளத்துக்கு மஞ்சள் நாக்கு. சுற்றி நின்ற நண்பர்கள் ஓவென்று கத்தினார்கள். இரண்டு பேர் படம் எடுக்க இன்னும் கிட்டே வந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா எட்டிப் பார்த்தார். "ஐயையோ, தீ திரும்பி உள்ள போயிட்டா என்னடா ஆகுறது?"

மருமகன் சிரித்தான். "போகாது பாட்டி. உள்ள காத்து இல்ல, எப்படி எரியும்?"

இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள்களுக்குச் சரி. அந்தக் காணொளியைப் பொறுத்தவரை சரியாகச் சொன்னது அம்மா.

முதலில் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று சாப்பாட்டு மேசையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றினேன். நன்றாக எரிந்ததும் ஊதி அணைத்தேன். திரியிலிருந்து வெள்ளைப் புகை மெல்லிய கயிறு போல எழுந்தது. எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், இரண்டு விரற்கடை மேலே அந்தப் புகையில் காட்டினேன். தீ புகை வழியே கீழே குதித்துத் திரியைப் பற்றிக்கொண்டது. அந்தப் புகை என்பது ஆவியான மெழுகு குளிர்ந்து திரண்ட துகள்கள். அதோடு மெழுகின் ஆவியும் கலந்திருக்கும். எரிவது மெழுகு அல்ல, அதன் ஆவி. பெட்ரோலும் எரிசாராயமும் அப்படித்தான். திரவம் எரிவதில்லை, அதிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்துதான் எரிகிறது.

எந்த அளவில் கலந்தாலும் எரியும் என்றில்லை. ஆவி குறைவாக இருந்தால் தீ பரவ எரிபொருள் போதாது. மிக அதிகமாக இருந்தால் ஆக்சிஜன் போதாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. பியூட்டேன் வாயுவுக்கு அது காற்றில் ஏறத்தாழ 1.8 முதல் 8.4 விழுக்காடு. எரிசாராயத்தின் முக்கியப் பொருளான எத்தனாலுக்கு 3.3 முதல் 19 விழுக்காடு. அந்த இடைவெளிக்குள் இருந்தால், கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னப் பொறி போதும்.

இனி மருமகன் சொன்னதற்கு வருகிறேன். அவன் மனத்தில் இருந்தது வாசனைத் தெளிப்பான் போன்ற தகர டப்பா. அதற்குள் உண்மையிலேயே காற்று இருக்காது. பியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயுக்கள் அழுத்தத்தில் திரவமாக அடைபட்டிருக்கும். அதனால் தீ வாய் வழியே உள்ளே நுழைந்து டப்பாவை வெடிக்க வைக்கும் என்பது பெரும்பாலும் கற்பனைதான். இந்த டப்பாக்கள் எப்போதும் இப்படித் தீப்பற்றக்கூடியவையாக இருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. முன்பு அவற்றில் எரியாத குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களை அடைத்தார்கள். அவை ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியல் அறிஞர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தார்கள். 1987இல் அவற்றைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. அந்த இடத்தைப் பிடித்தவற்றில் முக்கியமானவை சமையல் வாயுவின் உறவினர்கள். டப்பாவில் உண்மையான ஆபத்து சூடு. சூடு ஏற ஏற உள்ளே அழுத்தம் ஏறும். தகரம் தாங்காமல் கிழிந்தால் உள்ளிருக்கும் திரவம் முழுவதும் ஒரே நொடியில் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்காதீர்கள் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பது அதனால்தான்.

ஆனால் காணொளியில் இருந்ததோ புட்டி. அதன் கதை வேறு. புட்டியிலிருந்து திரவம் வெளியேறினால் அந்த இடத்தை எது நிரப்பும்? காற்று. தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்தால் களக் களக் என்று சத்தம் கேட்கிறதே, அது காற்று உள்ளே போகும் சத்தம். ஒவ்வொரு களக்கிலும் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. புட்டிக்குள் எரிசாராயம் இருந்து, வாய்க்கு அருகே தீயும் இருந்தால், அந்தக் காற்றோடு தீயும் உள்ளே போகும்.

உள்ளே என்ன காத்திருக்கும் என்பது அந்த ஊரின் வெப்பநிலையைப் பொறுத்தது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. மூடிய புட்டிக்குள் எத்தனால் ஆவி நிறைந்து நிற்கும்போது, சுமார் 12 டிகிரிக்குக் கீழே என்றால் அது எரியப் போதாது. சுமார் 42 டிகிரிக்கு மேலே என்றால் எரிய முடியாத அளவு அதிகம். நடுவில் எந்த வெப்பநிலையும் எரியும் இடைவெளிதான். 30 டிகிரியில் ஆவியின் பங்கு ஏறத்தாழ 10 விழுக்காடு. பற்றிக்கொள்ளத் தோதான அளவு. சிங்கப்பூரில் எந்த மாதத்தில், எந்த வேளையில் வெளியே நிழலில் எடுத்து வைத்தாலும் அந்தப் புட்டி 12க்கும் 42க்கும் நடுவில்தான் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உணவகத்தில் நான் நேரில் பார்த்தது இது. மேசைமேல் மீன் ஸ்டீம்போட், அடியில் எரிசாராயத்தில் எரியும் சின்ன அடுப்பு. தீ அணைந்துவிட்டது என்று நினைத்து ஒரு பணியாளர் புட்டியைச் சாய்த்து ஊற்றினார். தீ அணையவில்லை. எரிசாராயத் தீ வெளிறிய நீல நிறம், விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. புஸ் என்று ஒரு சத்தம். புட்டி வாயிலிருந்து ஒரு தீ நாக்கு பாய்ந்து, நல்லவேளையாக ஆள் இல்லாத நாற்காலியின் மேல் விழுந்தது. எல்லோரும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். நாலைந்து நொடி கழித்துத்தான் அவர் கையில் இன்னும் அந்தப் புட்டி இருப்பது என் கண்ணில் பட்டது. முன்கையில் முடி கருகியிருந்தது.

அங்கே நடந்ததைச் சொல்கிறேன். புட்டிக்குள் பாதிக்கு மேல் ஆவியும் காற்றும். தீ உள்ளே போனதும் அந்தக் கலவை ஒரு கண்ணிமைப்பில் எரிந்து ஏழெட்டு மடங்கு விரியப் பார்க்கிறது. வெளியேற ஒரே வழி அந்தக் குறுகிய வாய். அங்கே திரவம் நிற்கிறது. விரியும் வாயு அந்தத் திரவத்தை முன்னால் தள்ளிப் பற்றவைத்து, பல மீட்டர் தூரம் பீய்ச்சி அடிக்கிறது. யாரும் தீ கக்கும் கருவி செய்ய நினைக்கவில்லை; சாதாரணப் புட்டி தானாகவே அந்தக் கருவியாகிவிட்டது. வேண்டுமென்றே அப்படி ஒன்றைச் செய்து கையில் பிடிப்பவருக்கு இதே ஆபத்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது: தீயும் புட்டியும் காற்றும் ஒரே இடத்தில்.

பெட்ரோல் நிறைய இருக்கும் கலனில் ஆவி அளவுக்கு மீறி அடர்ந்திருப்பதால் உள்ளே பெரும்பாலும் பற்றாது. அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும் பழைய பெட்ரோல்தான் வம்பு. எளிதில் ஆவியாகக்கூடிய பகுதி போய்விட்டதால் கலவை எரியும் இடைவெளிக்குள் இறங்கிவிடும். 1996 ஜூலை 17ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டிடபிள்யுஏ 800 விமானம் நடுவானில் வெடித்து 230 பேர் இறந்தார்கள். வெடித்தது எரிபொருள் நிறைந்த இறக்கைத் தொட்டி அல்ல. கிட்டத்தட்ட காலியாக இருந்த நடுத்தொட்டி.

இதைத் தடுக்க வழி இருக்கிறது, அதுவும் பழைய வழி. 1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் மாண்டார்கள். 1815இல் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி சுடரைச் சுற்றிக் கம்பி வலை போட்ட விளக்கைச் செய்தார். வலையின் சின்னக் கண்கள் வழியே வாயு போகும், தீ போகாது. உலோகக் கம்பி சூட்டை உறிஞ்சிவிடுவதால் மறுபக்கம் எரிய வேண்டிய சூடு மிஞ்சுவதில்லை. அதே மெழுகுவத்திச் சுடரின் மேல் அக்காவின் எவர்சில்வர் டீ வடிகட்டியைக் கிடையாக இறக்கிக் காட்டினேன். சுடர் வலையில் முட்டித் தட்டையாக நின்றது. மேலே புகை மட்டும் வந்தது. "அடுப்படிச் சாமானக் கரியாக்கிட்டியே" என்றார் அக்கா. எரிபொருள் கலன்களின் வாயில் இப்படியொரு தடுப்பு வேண்டும் என்று அமெரிக்காவில் 2020இல் சட்டமே போட்டார்கள். வீட்டில் செய்யும் கருவிகளில் இதை வைப்பவர் யார்?

அம்மாவின் பயம் இயற்பியல் படித்து வந்ததல்ல. 1970 சீனப் புத்தாண்டில் பட்டாசாலும் அதனால் மூண்ட தீயாலும் இங்கே 6 பேர் இறந்து 68 பேர் காயம்பட்ட காலத்தில் அவர் சின்னப் பெண். 1972இல் பட்டாசுக்கு முழுத் தடை வந்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. தீபாவளிக்கு மத்தாப்புக் கொளுத்தும்போதுகூட எங்கள் பின்னால் வாளித் தண்ணீரோடு நிற்பார். அந்தக் காணொளியில் கத்தியவர்களை நான் குறை சொல்லவில்லை. கண் வெளிச்சத்தின் பின்னால்தான் போகும், அது எல்லோருக்கும் பொது. ஆனால் சூடு படாது என்று நம்பித்தான் அவர்கள் கிட்டே வந்தார்கள். அவர்கள் நின்ற இடமோ புட்டி திரும்பிப் பீய்ச்சினால் எட்டக்கூடிய தூரம்.

யாருக்காவது இப்படி நடந்துவிட்டால், எரியும் துணியை அணைத்துவிட்டு, பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கூடவே சிங்கப்பூரின் அவசர எண் 995ஐ அழையுங்கள்.

வடிகட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன். மருமகன் அதே காணொளியை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தான். தீ நீண்டுகொண்டிருந்த இடத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். இந்தமுறை அவன் தீயைப் பார்க்கவில்லை. அந்த இளைஞரின் கையில் இருந்த புட்டியைத்தான் பார்த்தான்.

"மாமா, இது பாதிக்கு மேல காலியா இருக்கு."