சேஃப்டி ரேசரை அழுத்தாதீங்கப்பா

இந்த வாரத்துல இது மூணாவது கேஸ், அதான் எழுத உக்காந்துட்டேன். நேத்து வந்த தம்பிக்கு 22 வயசு. கழுத்து முழுக்க சிவப்பு சிவப்பா கொப்புளம், சிலதுல சீழ் வேற, தாடைக்குக் கீழ ரெண்டு நீள வெட்டு. "டாக்டர், எனக்கு சேஃப்டி ரேசர் அலர்ஜி போல"ங்கறான். ஒரே ஒரு பிளேடை மாட்டி வழிக்கற உலோக ரேசரைத்தான் சேஃப்டி ரேசர்ங்கறோம். ஒரு பேனாவைக் கையில கொடுத்து, வீட்டுல எப்படி வழிக்கறியோ அப்படியே செஞ்சு காட்டுப்பான்னேன். கன்னத்துல வெச்சு ஒரு இழுப்பு இழுத்தான் பாருங்க, பேனா போன தடம் அப்படியே செவந்து போச்சு. அலர்ஜியும் இல்ல ஒண்ணும் இல்ல, அழுத்தம்தான்.

அழுத்தினாத்தான் வழவழன்னு வரும்னு யாரு சொல்லிக் கொடுத்தாங்கன்னே தெரியல, வர்றவங்க எல்லாரும் இதையே சொல்றாங்க. இத்தனை நாளா கார்ட்ரிட்ஜ் ரேசர், அதான் பிளேடோட தலையை அப்படியே கழட்டி மாத்துற ரேசர், போட்ட கை அது. அதுல தலைப்பகுதி முகத்துக்கு ஏத்த மாதிரி அசைஞ்சு கொடுக்கும், நீங்க கொஞ்சம் அழுத்தினாலும் சமாளிச்சுக்கும். சேஃப்டி ரேசர்ல எதுவும் அசையாது, கோணம் முழுக்க உங்க கைதான், அந்த உலோகத்தோட எடையே வழிக்கறதுக்குப் போதும். தோல் பலகை மாதிரி தட்டையா இருக்கறதில்ல, மெத்து மெத்துன்னு இருக்கும், நீங்க அழுத்தும்போது பிளேடுக்கு முன்னாடி தோல் மேடு கட்டி எழும்பும், பிளேடு அந்த மேட்டைச் சீவிட்டுப் போகும். முடியும் தோலுக்குக் கீழ வரைக்கும் வெட்டுப்படும், அப்புறம் வளரும்போது வெளிய வர வழி தெரியாம உள்ளயே குத்தும், கொப்புளம் வரும். சுருட்டை முடிக்காரங்களுக்கு இது ரொம்ப அதிகம், நாங்க சூடோஃபாலிகுலைட்டிஸ்னு எழுதுவோம். அந்தக் கொப்புளத்தைத் தடவிப் பாத்துட்டு முடி இன்னும் மிச்சம் இருக்குன்னு நெனச்சு மறுநாள் இன்னும் அழுத்துறாங்க. எனக்கு வயித்தெரிச்சலே இதுதான். மிச்சம் இருந்தா இருக்கட்டும், விட்டுடுங்க!

பேர்லயே சேஃப்டி இருக்கேன்னு ஒருத்தர் கேட்டார். 1903ல ஜில்லெட் இந்த மாதிரி ரேசரை விக்க ஆரம்பிச்சப்போ பலர் கையில இருந்தது மடக்குற சவரக்கத்தி, அதோட ஒப்பிட்டா பாதுகாப்பு. அவ்வளவுதான், வெட்டாதுன்னு அர்த்தம் இல்ல.

சரி, எப்படிப் பண்றது? முகத்தை வெந்நீர்ல கழுவி ரெண்டு மூணு நிமிஷம் ஈரமா வெச்சிருங்க, முடி ஊறிட்டா வெட்ட அவ்வளவு சுலபம். நுரை நல்லா போடுங்க. கைப்பிடியோட அடிப்பக்கமா விரல் நுனியால பிடிங்க, முஷ்டியால பிடிச்சா கண்டிப்பா அழுத்தம் வரும். ரேசர் தலையைக் கன்னத்துல வெச்சுட்டு கைப்பிடியை மெதுவா கீழ இறக்குங்க, பிளேடு தொடுற இடம் சுமார் 30 டிகிரி வரும், முடி அறுபடற சத்தம் கேக்கும், அதான் உங்க கோணம். சின்னச் சின்ன இழுப்பா, ரெண்டு சென்டிமீட்டர் போதும். பக்கவாட்டுல மட்டும் நகத்தவே நகத்தாதீங்க, கத்தி போட்ட மாதிரி கிழியும்.

முடி எந்தப் பக்கம் வளருதுன்னு மொதல்ல தடவிப் பாருங்க. கன்னத்துல கீழ்நோக்கி இருக்கும், கழுத்துல பாத்தா மேல்நோக்கி, குறுக்கால, சிலருக்குச் சுழி மாதிரிகூட இருக்கும். மொதல் ஒரு மாசம் முடி போற போக்குலயே, ஒரே தடவை. முடிக்கு எதிர்த்திசையில வழிக்கற ரிவர்ஸ் ஷேவ் ஆசையை ஓரமா வைங்க. அடிக்கடி வழிச்சா முடி தடிமனாகுமான்னு கேக்காதீங்க, ஆகாதுன்னு 1928லயே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டாங்க.

பிளேடு முடியைப் பிச்சு இழுக்குதா, அப்பவே மாத்துங்க. பலருக்கு அஞ்சாறு ஷேவ் வரும், அதுக்கு மேல கஞ்சத்தனம் வேண்டாம். அண்ணன் தம்பியா இருந்தாலும் ஒரே பிளேடு கூடவே கூடாது, கல்லீரலைத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளிய குறைஞ்சது 7 நாள் உயிரோட இருக்கும். வெட்டுப்பட்டா சுத்தமான துணியால சில நிமிஷம் விடாம அழுத்திப் பிடிங்க, நடுவுல எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. இங்க மட்டும் தாராளமா அழுத்தலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, தழும்பு தடிச்சு வளர்ற உடம்புக்காரங்க, முகத்துல சீழ் பருவோ மருவோ இருக்கறவங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்க. மரு மேல பிளேடை ஓட்டி, அது போன வழியெல்லாம் வரிசையா புதுசா முளைச்சு வந்தவங்களை நிறைய பாத்திருக்கேன்.

கொப்புளம் வந்துட்டா ஷேவிங்கை மூணு நாலு வாரம் நிறுத்துங்க, தாடி வளந்தா வளரட்டும். கிள்ளாதீங்க, ஊசியால நோண்டாதீங்க. யாரோ சொன்னாங்கன்னு ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்கித் தேய்ச்சுட்டு வராதீங்கப்பா, கெஞ்சிக் கேக்கறேன், மொதல்ல அடங்கின மாதிரி இருக்கும், போகப் போக தோல் மெலிஞ்சு போகும், அதைச் சரி பண்ண மாசக்கணக்குல ஆகும்.

பழைய பிளேடைக் குப்பையில அப்படியே போடாதீங்க. மூடி இருக்கற ஒரு தகர டப்பாவுல சேத்து வைங்க, நிறைஞ்சதும் மூடியை டேப் போட்டு ஒட்டி, உள்ள பிளேடு இருக்குன்னு மேல எழுதிக் கொடுங்க. குப்பை அள்ளுறவரோட கை வெட்டுப்படும், அந்தக் கைக்கும் நான் தையல் போட்டிருக்கேன்.