மேளத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்

கடந்த மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை, கடையைச் சாத்தப் போகிற நேரத்தில் ஒரு தவில்காரர் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நான்கு 555 புத்தகங்கள். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை அளவு நோட்டு, மளிகைக் கடைக் கடன் எழுதுவதற்கென்றே இருப்பது. அவர் வேன் வாங்க வங்கியில் கடன் கேட்டிருக்கிறார். ஆறு மாத வருமானத்துக்குச் சான்று கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். "எல்லாம் இதுலதான் இருக்கு அண்ணே, பார்த்து எழுதிக் குடுங்க" என்று பையை மேசைமேல் வைத்தார்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதித் தரும் தொழில் செய்கிறேன். மளிகைக் கடை, டயர்க் கடை, செம்பனை ஏற்றும் லாரிக்காரர்கள் என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். ஆனால் வருமானவரிக் காலம் வந்தால் நாதஸ்வரக்காரர், உறுமி மேளக் குழுப் பையன்கள், மணமேடை அலங்காரம் செய்பவர், கோலம் போடுகிற பெண்கள், புகைப்படக்காரர்கள் என்று ஒரு கூட்டம் வரும். அவர்களுடைய கணக்கைப் பார்க்கும்போதுதான் நம் ஊர் அவர்களை எப்படி நடத்துகிறது என்பது எனக்குத் தெரிய வந்தது.

அந்த 555 புத்தகங்களில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: "மாரியம்மன். 5 பேர். 1200. வந்தது 500. பிறகு." அடுத்த வரி: "கல்யாணம். 900. வந்தது 600. பிறகு." நான்கு புத்தகங்களிலும் 'பிறகு' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். இருபத்து மூன்று. வர வேண்டிய தொகையைக் கூட்டினால் 6,850 ரிங்கிட். அவர் வேனுக்குக் கட்ட வேண்டிய முன்பணமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"யாருகிட்டயும் கேட்கலையா?" என்றேன்.

"நம்ம ஊர் ஆளுங்கண்ணே. கேட்டா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க."

"ரெண்டு மணி நேரம் ஊதுறதுக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கல்யாண மேளத்தின் கணக்கை இங்கே வைக்கிறேன். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம். ஐந்து பேருக்குச் சேர்த்து 1,500 ரிங்கிட் பேசினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேன், பெட்ரோல், டோல் 120. வழியில் சாப்பாடு, உடுப்புச் சலவை 80. சீவாளி, தவில் தோல், வார் பிடிப்பு என்று கருவிக்கு ஒதுக்குவது 150. மீதி 1,150. ஆளுக்கு 230. காலை முகூர்த்தம் என்றால் மூன்றரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். தாலி கட்டி, விருந்து முடிந்து, பணத்துக்காகக் காத்திருந்து வீடு திரும்ப மதியம் ஒரு மணி. ஒன்பதரை மணி நேரம். இங்கே கல்யாணம் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான். நல்ல மாதத்தில் ஆறு கல்யாணம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆறு முறை 230 என்றால் 1,380 ரிங்கிட். 2025இல் இருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700. பத்து வருடம் சாதகம் செய்து கற்றவர், ஒரு பைசா பாக்கியில்லாமல் எல்லோரும் கொடுத்தாலும், அந்த வித்தையால் மட்டும் அந்த அளவைத் தொட முடியவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது. அப்புறம், இந்தக் கணக்கில் 'பிறகு' இன்னும் சேரவில்லை.

இதை எழுதும்போது என் பாட்டி ஞாபகம் வருகிறது. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர், எங்கள் பேச்சில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, வெட்டி, சேர்த்து, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பால் கொட்டகையில் வரிசையில் நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணி நிறுப்பார். பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். "நிறுக்கும்போது முள்ளைப் பார்த்துக்கிட்டே நிக்கணும், இல்லேன்னா அரைக் கிலோ போயிடும்" என்பார் பாட்டி. 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்டு விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கலாம் என்றபோது, அவரும் சிறுகச் சிறுகக் கட்டிப் பங்கு வாங்கினார். அந்தச் சான்றிதழை பிஸ்கட் டின்னில் கடைசி வரை வைத்திருந்தார். உழைப்புக்குக் காகிதம் வேண்டும் என்பது எழுதப் படிக்கத் தெரியாத அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். மேளக்காரரிடம் மட்டும் "பார்த்துச் செய்ங்க, நாங்களும் பார்த்துக் குடுக்கிறோம்" என்று சொல்கிறோம். அந்தப் பேச்சில் தராசு எங்கே இருக்கிறது?

கோயில் விஷயத்தில்தான் இது அதிகம். "அம்மன் காரியம், இதுல போய்க் காசு பார்க்கலாமா?" என்ற பேச்சு. ஒரு கலைஞர் தன் நேர்த்திக்கடனாக, மனதார, ஒரு நாள் வாசித்துவிட்டுப் போகிறார் என்றால் அது அவருக்கும் அம்மனுக்கும் உள்ளது. அந்த உபயத்தை அவருக்காக நிர்வாகம் முடிவு செய்ய முடியாது. கூடாரக்காரருக்கு முன்பணம் போகிறது. ஒலிபெருக்கிக்காரருக்குப் போகிறது. அன்னதானச் சமையலுக்கு அரிசி, பருப்பு ரொக்கத்துக்கு வாங்குகிறார்கள். மேளம் மட்டும் கடைசியில், உண்டியலை எண்ணின பிறகு.

கலைக்குக் கூலி பேசுவது நம் மரபு இல்லை என்பவர்களிடம் நான் தஞ்சைப் பெரிய கோயிலைக் காட்டுவேன். 1010ஐ ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோயிலின் சுவரில், ராஜராஜ சோழன் கோயிலில் ஆடிப் பாட நானூறு தளிச்சேரிப் பெண்களைக் குடியமர்த்திய செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவரின் பெயர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு வருடத்துக்கு நூறு கலம் நெல். அதுவும் ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து தர வேண்டும் என்று. அவர்களோடு நட்டுவம் செய்பவர், குழல் ஊதுபவர், பாடுபவர், கொட்டுபவர் எல்லோருக்கும் பங்கு எழுதியிருக்கிறார்கள். ஒருவர் இறந்துபோனால் அந்தப் பங்கு யாருக்கு என்பதுகூடக் கல்லில் இருக்கிறது. அளவு சொல்லி, பெயர் சொல்லிக் கொடுப்பதுதான் நம் கோயில் வழக்கம். "பார்த்துக் குடுக்கிறோம்" நடுவில் வந்தது.

நானும் செய்திருக்கிறேன். என் மகள் காதுகுத்துக்கு அக்கா மகனைப் படம் எடுக்கச் சொன்னோம். நாள் முழுக்க நின்றான். அங்பாவ் உறை ஒன்றில் நூறு வெள்ளி, அதாவது நூறு ரிங்கிட், வைத்துக் கொடுத்து, முதுகில் தட்டி அனுப்பினேன். பிற்பாடு அவன் தொழில் பதிவு செய்து என்னிடமே கணக்குக் கொண்டுவந்தபோதுதான் பார்த்தேன்: கேமரா தவணை, லென்ஸ் தவணை, ஒரு விழாவின் ஆயிரத்து ஐந்நூறு படங்களைப் பொறுக்கித் திருத்த அவன் செலவழிக்கிற இரவுகள். அந்த வருடம் சொந்தக்காரர் வீட்டு விழாக்களே அவனுக்கு அதிக நாட்களைத் தின்றிருந்தன. அவனைக் கூப்பிட்டு அந்த வேலைக்கு உரிய பணத்தைக் கொடுத்தேன். வாங்க மறுத்தான், வற்புறுத்திக் கொடுத்தேன்.

சரி, கலைஞர்களிடமும் எனக்குச் சொல்ல இருக்கிறது. வேலைக்கு முன் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்புங்கள்: தேதி, இடம், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது. அவர்கள் "சரி" என்று பதில் போட்டால் அது கையில் ஆதாரம். பக்கத்து ஊர்க் குழு 900க்கு வருகிறது என்று தெரிந்து 700க்கு இறங்காதீர்கள். அப்படி இறங்கினால் அடுத்த வருடம் இரண்டு குழுவுக்கும் 700தான். எஸ்எஸ்எம் என்கிற மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் தொழிலைப் பதியுங்கள். சொந்தப் பெயரில் என்றால் வருடம் 30 ரிங்கிட், வேறு பெயர் வைத்தால் 60. பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள், ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருங்கள், வருமானவரிப் படிவத்தை நிரப்புங்கள். வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் வராத பலருக்கும் அந்தக் காகிதம்தான் நாளைக்கு வேன் கடனும் வீட்டுக் கடனும் வாங்கித் தரும்.

பெர்கேசோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தையும் விட்டுவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டின் சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சி, இ-ஹைலிங் ஓட்டுநர்களுக்கு வந்தது. 2020இல் கலைத்துறை உட்படப் பல துறைகளுக்கு விரிந்தது. நான் பதிந்து கொடுத்தவர்களில் மிகக் குறைந்த திட்டத்தை எடுத்தவர்கள் வருடத்துக்குக் கட்டியது 157 ரிங்கிட் 20 சென். அலங்காரம் செய்யும் ஒருவர் மண்டபத்தில் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பதிந்திருந்ததால் மருத்துவச் செலவும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் படியும் கிடைத்தன. அவருடைய உதவியாளர் பதியவில்லை. அவருக்கு அடிபட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் எனக்குக் கவலை.

வரைபவர்களும் வடிவமைப்பவர்களும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது, ஏனென்றால் என்னிடம் வருகிற பலரும் இதைத் தலைகீழாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் ஒரு விழா அழைப்பிதழுக்கு மயில் மேல் முருகனை வரைந்து கொடுத்தார். கிடைத்தது 150 ரிங்கிட். தைப்பூசத்தில் அதே படம் சட்டைகளில் அச்சாகி விற்றது. மூலையில் சின்னதாக இருந்த அவருடைய கையெழுத்தை அழித்துவிட்டார்கள். "நான் வரைந்தது, உரிமை என்னுடையதுதானே?" என்று அழுதார். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒருவர் சொல்லிச் செய்யச் சொன்ன படைப்பின் பதிப்புரிமை, வேறுமாதிரி பேசிக்கொள்ளாத வரை, செய்யச் சொன்னவருக்கே போய்விடும். வேறுமாதிரி பேசிக்கொள்வதற்கு ஒரே ஒரு வரி போதும். "படத்தின் பதிப்புரிமை வரைந்தவருக்கே உரியது, இந்த அழைப்பிதழுக்கு மட்டும் பயன்படுத்தலாம்." விலை சொல்லும் அதே செய்தியில் இதையும் போட்டு, அவர்களின் சம்மதத்தை வாங்கிவிடுங்கள். உரிமை கைமாறினாலும், படைத்தவர் சம்மதமில்லாமல் பெயரை மறைத்துப் படைப்பை வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் விஷயத்தில் பேச இடம் இருந்தது. சட்டைப் பணத்தில் இல்லை.

இவ்வளவும் செய்தும் பணம் வராவிட்டால்? 5,000 ரிங்கிட் வரையான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். பாரம் 198 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக இரு தரப்புமே வைத்துக்கொள்ளவும் முடியாது. பேசியபடி பணம் தராமல் போனதிலிருந்து ஆறு வருடத்துக்குள் போட வேண்டும். தவில்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் மேல் வழக்கா? எனக்குப் புரிந்தது. அதனால் முதலில் இருவரும் உட்கார்ந்து, இருபத்து மூன்று பேருக்கும் மரியாதையாக ஒரு செய்தி எழுதினோம். தேதி, பேசிய தொகை, வந்தது, பாக்கி. வேறு ஒரு சொல் இல்லை. பதினான்கு பேர் கொடுத்துவிட்டார்கள். ஒரு அம்மா நேரிலேயே வந்து, "மறந்தே போயிட்டோம் தம்பி, நீங்க கேட்டிருக்கக் கூடாதா?" என்று வருத்தப்பட்டிருக்கிறார். அவர் சொன்னது உண்மை என்றே நம்புகிறேன். கொடுக்கிறவர்கள் மறக்கிறார்கள். வாங்க வேண்டியவருக்குத்தான் ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருக்கிறது.

வசதியில்லாத வீடுகளும் உண்டு. அவர்கள் பேரம் பேச வேண்டாம், கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் போதும். ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், இரண்டு மணி நேரம் என்று சுருக்கிக்கொண்டு சந்தோஷமாக வருகிற கலைஞர்களை எனக்குத் தெரியும். மேலே டிரோன் பறக்க, ஆயிரம் பேருக்குப் பந்தி போடுகிறவர்கள் மேளத்தில் முந்நூறு வெள்ளி பிடித்துக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

போன மாதம் அந்தத் தவில்காரர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். ஒரு தோட்டத்துக் கோயிலின் அறிவிப்புப் பலகை. திருவிழா வரவு செலவு ஒட்டியிருந்தது. முன்பெல்லாம் அதில் "மேளம்" என்று ஒரு வரிதான் இருக்கும். இந்த முறை ஐந்து பேரின் பெயரும் தனித்தனியே, வாசித்த கருவியும் கொடுத்த தொகையும் எதிரே, கொடுத்த தேதி திருவிழா நாளே. கீழே ஒரு கேள்வி: "அண்ணே, இது பேங்குக்கு ஆகுமா?"

ஆகும், பொருளாளர் கையெழுத்தோடு ஒரு நகல் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள் என்று பதில் போட்டேன்.