ஒரே காம்பவுண்டில் மூன்று கம்பெனி

திருப்பூர்ப் பக்கம் ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று பெயர்ப் பலகைகள் தொங்கும். ஒன்று அண்ணன் பெயரில், ஒன்று தம்பி பெயரில், இன்னொன்று வீட்டம்மா பெயரில். மூன்று கரண்ட் மீட்டர், மூன்று ஜிஎஸ்டி எண், மூன்று வருகைப் பதிவேடு. தையல் மெஷின்கள் மட்டும் ஆர்டருக்கு ஏற்ப இங்கும் அங்கும் நகரும். சிறுதொழில்களுக்கு ஆடிட் செய்யும் எனக்கு இது பழகிய காட்சி. முதலாளிகளின் தந்திரம் என்பார்கள் சிலர். இல்லை, அரசின் கொள்கைதான் அவர்களை இப்படிப் பழக்கியது.

1967-ல் 47 பொருட்களைச் சிறுதொழிலுக்கு மட்டும் என்று மத்திய அரசு ஒதுக்கியது. பின்னாளில் பட்டியல் 800-ஐத் தாண்டியது. பின்னலாடையும் அதில் இருந்தது. மெஷின்களில் போட்ட முதலீடுதான் அளவுகோல். வரம்பைத் தாண்டினால் சிறுதொழில் என்ற தகுதியே போய்விடும். அதனால் கையில் லாபம் வந்ததும், இருக்கும் ஆலையைப் பெரிதாக்காமல் வேறு பெயரில் இன்னொரு யூனிட் போட்டார்கள். நிட்டிங், சாயம், தையல் என்று வேலை பல கைகளுக்குப் பிரிந்ததில், தொழிலாளியாக வந்த பலர் முதலாளி ஆனார்கள். அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் இப்படி ஒரு கட்டு இல்லாத சீனாவில் ஆலைகள் பெரிதாகி, மொத்த ஆர்டர்களை அள்ளிக்கொண்டு போயின.

ஒதுக்கீட்டில் மிஞ்சியிருந்த 20 பொருட்களையும் 2015-ல் விடுவித்துவிட்டார்கள். பிரிக்கும் பழக்கம் மட்டும் நின்றபாடில்லை.

இன்று பிரிப்பது நமக்கே வினையாகலாம். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் (எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்) பணம் தராவிட்டால், வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். தம்பி யூனிட்டின் ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தரும் வேலை) பில் அண்ணன் கணக்கில் இந்தக் கெடுவைத் தாண்டி, மார்ச் முடிந்தும் நிலுவையில் நின்றால், வரி கட்டப்போவது அண்ணன்தான்.

2021-ல் ஜவுளிக்கு அறிவித்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் குறைந்தது 100 கோடி முதலீடு கேட்டது. பிறகு குறைத்தார்கள், அப்படியும் நம் யூனிட்களுக்கு எட்டாது. அன்று வளரவிடாத கொள்கை, இன்று பெரியவர்களை மட்டும் கூப்பிடுகிறது. நடுவில் நிற்பவருக்கு என்ன வழி என்று சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, நான்காவது பெயரில் யூனிட் போட நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவன வரம்பு, முதலீட்டில் 25 கோடி, விற்றுமுதலில் 100 கோடி. ஏற்றுமதி அந்த விற்றுமுதலில் சேராது. ஏற்றுமதியைக் கழித்தால் உங்கள் விற்றுமுதல் எவ்வளவு என்று முதலில் ஆடிட்டரிடம் கேளுங்கள். பலருக்கு அது வரம்பின் பக்கத்தில்கூட இருக்காது.