திரைக்குள் ஒரு நூலகம்: மெய்நிகர் உலகில் கூடி வேலை செய்வது எப்படி?

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் ஒரு பொருளைத் திருத்த ஆரம்பித்தால், திரையில் உங்களுக்காக நடமாடும் உருவம் அதை நோக்கித் தானாகவே கையை நீட்டும். விரல் நுனியிலிருந்து சின்னச் சின்னப் புள்ளிகள் கோடாகப் பறந்துபோய் அந்தப் பொருளைத் தொடும். ‘இவர் இந்தப் பலகையில் வேலை பார்க்கிறார்’ என்று பக்கத்தில் நிற்பவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தட்டச்சு செய்யும்போது அந்த உருவம் இரண்டு கைகளையும் முன்னால் தூக்கி, இல்லாத விசைப்பலகையைத் தட்டும். டக்டக்கென்று சத்தம்கூட வரும். பதில் வந்துகொண்டிருக்கிறது, பொறுத்திருப்போம் என்று எதிரே இருப்பவர் புரிந்துகொள்வார்.

மெய்நிகர் உலகம் என்றதும் பலருக்கும் தலையில் மாட்டும் கண்ணாடியும் பளபளக்கும் முப்பரிமாணக் காட்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அதில் பெரிய விஷயமாகப் படுவது, எல்லோருக்கும் பொதுவான ஒரு இடம் உண்டாகிறது என்பதே. வேறு வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர் ஒரே மேசையைச் சுற்றி நிற்க முடிகிறது. யார் யாருக்குப் பக்கத்தில், யார் எதைப் பார்க்கிறார்கள், யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பதெல்லாம் சொல்லாமலே தெரிகிறது.

சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் என்ற நிறுவனம் 2003-இல் செகண்ட் லைஃபைத் திறந்தது. ஜெயிப்பதற்கோ தோற்பதற்கோ அங்கே எதுவும் கிடையாது. காலி நிலம் உண்டு, கட்டுவதற்குக் கருவிகள் உண்டு; மற்றதை உள்ளே வருகிறவர்களே செய்துகொள்ள வேண்டும். 2006-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இயங்கிய அலையன்ஸ் நூலக அமைப்பு அங்கே ஒரு நூலகத்தைத் தொடங்கியது. அது இன்ஃபோ ஐலண்ட் என்ற தீவாக வளர்ந்து, பிறகு ஒரு தீவுக்கூட்டமே ஆனது. பல ஊர்களிலிருந்து நூலகர்கள் தன்னார்வமாக வந்து தகவல் மேசையில் முறைவைத்து உட்கார்ந்து, வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். நூலகவியல் படிப்புக்காகச் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகமும், வணிகப் படிப்புக்காக இன்சியாட் என்ற வணிகப் பள்ளியும் தங்களுக்கென இடம் அமைத்துக்கொண்டன.

சரி, இந்த இடம் எதனால் ஆனது?

செகண்ட் லைஃப் நிலம் 256 மீட்டருக்கு 256 மீட்டர் என்ற சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சதுரம் ஏறத்தாழ 16 ஏக்கர். ஒவ்வொரு சதுரத்தையும் சர்வரில் ஓடும் ஒரு நிரல் கவனித்துக்கொள்கிறது. அதற்குப் பேச்சுவழக்கில் ‘சிம்’ என்று பெயர். அந்தச் சதுரத்துக்குள் யார் எங்கே நிற்கிறார்கள், எது எங்கே இருக்கிறது, எது எதன்மேல் மோதுகிறது என்பதற்கெல்லாம் ஒரே கணக்குப் புத்தகம் அதனிடம்தான் இருக்கிறது. விநாடிக்கு 45 முறை அந்தக் கணக்கைப் புதுப்பித்து, உள்ளே இருக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

சிம் உங்களுக்குப் படத்தை அனுப்புவதில்லை, விவரத்தைத்தான் அனுப்புகிறது. படம் வரைவது உங்கள் கணினியின் வேலை. இங்கே பொருள்களைக் கட்டும் அடிப்படைத் துண்டுக்கு ‘ப்ரிம்’ என்று பெயர்: பெட்டி, உருண்டை, உருளை போன்ற எளிய வடிவங்கள். ஒரு ப்ரிம்மைச் சொல்லச் சில எண்கள் போதும். நீளம், அகலம், உயரம், எவ்வளவு முறுக்கு, உள்ளே எவ்வளவு குழிவு, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். தச்சரிடம் ‘மூணு அடிக்கு ஒன்றரை அடி, முக்கால் இஞ்ச் பலகை’ என்று சொன்னால் அவர் செய்து கொடுத்துவிடுவாரே, அது மாதிரி. எண்கள் கொஞ்சமாக இருப்பதால், நீங்கள் அலமாரியை ஒரு அடி நகர்த்தினால் அந்த மாற்றம் உடனே எல்லோருடைய திரைக்கும் போய்விடுகிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரு கண்காட்சிப் பந்தலைச் சேர்ந்து கட்ட முடிவதன் ரகசியம் இதுதான்.

நடப்பவர்களைக் காட்டுவதில் இன்னொரு உத்தி உண்டு. ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதோடு, எந்தத் திசையில் என்ன வேகத்தில் போகிறார் என்பதையும் சிம் அனுப்பும். அடுத்த தகவல் வரும்வரை உங்கள் கணினி ஊகத்தில் அவரை நடக்க வைக்கும். அதனால்தான் இணையம் திக்கும்போது ஒருவர் சுவரைத் துளைத்துக்கொண்டு போய்விட்டு, அடுத்த கணம் பழைய இடத்தில் வந்து நிற்பார். சிம்மிடம் இருக்கும் உண்மை ஊகத்தைத் திருத்திவிடுகிறது.

கூட்டு வேலைக்கு எல்லாவற்றையும்விட உதவுவது, பேச்சுக்கும் தூரம் உண்டு என்பதுதான். நீங்கள் தட்டும் சாதாரணப் பேச்சு 20 மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். கிசுகிசுத்தால் 10 மீட்டர், கத்தினால் 100 மீட்டர். 2007-இல் குரலும் வந்தது. பேசுகிறவர் உங்கள் இடப்பக்கம் நின்றால் ஹெட்போனின் இடப்பக்கத்தில் சத்தம் தூக்கலாகக் கேட்கும். விலகிப் போனால் குறைந்துகொண்டே வரும்.

கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பை நினைத்துப் பாருங்கள். வகுப்பைக் குழுவாகப் பிரித்தால் ஒவ்வொரு குழுவும் தனி அறைக்குள் அடைபட்டுவிடும். ஆசிரியர் ஒரு அறைக்குள் நுழைந்தால் மற்ற அறைகள் அவருக்கு இருட்டு. மெய்நிகர் உலகில் ஒரே மைதானத்தில் 30 மீட்டர் இடைவெளியில் ஐந்து குழுக்களை நிறுத்தலாம். ஒரு குழு சாதாரணமாகத் தட்டும் பேச்சு இன்னொன்றைத் தொந்தரவு செய்யாது. ஆசிரியர் நடுவே நடந்துபோகலாம். எந்தக் குழு பலகையைச் சுற்றி மும்முரமாக இருக்கிறது, எங்கே ஒரு பையன் முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக நிற்கிறான் என்பது தூரத்திலிருந்தே தெரியும். நல்ல ஆசிரியருக்கு வகுப்பறையில் தானாக வரும் அந்தக் கண்ணோட்டம் இங்கே திரும்பக் கிடைக்கிறது.

மனித உடம்பின் பழக்கங்களும் கூடவே வந்துவிடுகின்றன. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நிக் யீயும் ஜெரமி பெய்லென்சனும் சகாக்களோடு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செகண்ட் லைஃபில் உருவங்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளந்தார்கள். ஆணும் ஆணும் பேசும்போது, பெண்ணும் பெண்ணும் பேசுவதைவிடத் தள்ளியே நின்றார்கள். மிக நெருங்கி நிற்க நேர்ந்தபோது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்கள். நெரிசலான பஸ்ஸில் நாம் செய்வதுதானே இது!

இந்த ஒரே கணக்குப் புத்தகத்துக்கு ஒரு விலையும் உண்டு. கூட்டம் கூடினால் சிம் திணறும். ஒரு சதுரத்தில் 100 பேர் என்பது உச்சம்; அதில் பாதியைத் தாண்டினாலே எல்லோரும் சேற்றில் நடப்பதுபோல் நடக்க ஆரம்பிப்பார்கள். இதற்கு ஒரு அருமையான வழி கண்டுபிடித்தார்கள். நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலையில் வட்டமாக அரங்கத்தைக் கட்டினார்கள். பார்வையாளர்கள் ஒரே அரங்கில்தான் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் கால் பங்குக் கூட்டத்தை ஒவ்வொரு சிம்மும் சுமக்கும். பேச்சு எல்லைக்கோட்டைத் தாண்டிப் பக்கத்துச் சதுரத்துக்கும் கேட்கும் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நூலகர்கள் ஸ்கிரிப்டையும் நன்றாகப் பயன்படுத்தினார்கள். எந்தப் பொருளுக்குள்ளும் ஒரு சின்ன நிரலை வைக்கலாம். ‘என்னை யாராவது தொட்டால் இந்தக் குறிப்பைக் கொடு’ என்று சுவரொட்டிக்குச் சொல்லி வைத்தால், தொடுகிறவருடைய மெய்நிகர்ப் பையில் புத்தகப் பட்டியல் போய் விழும். வெளியே இருக்கும் இணையதளத்தோடு அந்த நிரல் பேசவும் முடியும் என்பதால், உள்ளே நிற்கும் அலமாரி நிஜ நூலகத்தின் அட்டவணையில் தேடித் தரும்படி செய்யலாம்.

வணிகக் கல்விக்கு இதே நிரல் வேறு விதத்தில் உதவும். ஒரு குழு கடை ஒன்றை அமைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாணவர்கள் வாடிக்கையாளர்களாக உள்ளே வருகிறார்கள். யார் எந்த அலமாரியின் முன் எவ்வளவு நேரம் நின்றார்கள், எங்கே வரிசை தேங்கியது என்பதை ஒரு நிரல் குறித்துக்கொள்கிறது. அப்புறம் குழு கல்லாவை இரண்டு மீட்டர் நகர்த்திவிட்டு மறுபடியும் கடையைத் திறந்து பார்க்கலாம். புத்தகத்தில் படம் போட்டு விளக்கும் பாடத்தை மாணவர்கள் கால் வலிக்காமல் நடந்தே கற்றுக்கொள்கிறார்கள். இப்படிக் குறித்துக்கொள்வதை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். யார் எதைப் படித்தார் என்பதை வெளியே சொல்லாத மரபு நூலகங்களுடையது. அந்தக் கண்ணியம் இங்கேயும் தேவை.

பெரிய நிறுவனங்களும் முயன்றன. 2008-இல் ஐபிஎம் தன் தொழில்நுட்ப வல்லுநர்கள் 200-க்கும் மேற்பட்டோரை செகண்ட் லைஃபில் கூட்டி மாநாடு நடத்தியது. பயணச் செலவிலும் நேரத்திலும் மிச்சமானது 3 லட்சத்து 20 ஆயிரம் டாலர் என்று அந்த நிறுவனம் மதிப்பிட்டது.

வழுக்கிய இடங்களும் உண்டு. நிஜ அரங்கத்தை அப்படியே கட்டி, நாற்காலிகளைப் போட்டு, திரையில் ஸ்லைடு ஓட்டிய வகுப்புகள் அலுத்துப் போயின. அதற்கு இடம் தேவையே இல்லை, ஒரு வீடியோ போதும். நல்ல கணினியும் வேகமான இணையமும் இல்லாதவர்கள் வெளியே நின்றார்கள். திரையில் இருக்கும் எழுத்தை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பிப் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு முப்பரிமாணக் காட்சியால் பெரிதாகப் பயனில்லை.

பெரிய அடி 2011 ஜனவரியில் விழுந்தது. கல்வி நிறுவனங்களுக்குத் தந்த பாதி விலைச் சலுகையை லிண்டன் லேப் நிறுத்தியது. 2013-இல் சலுகை திரும்ப வந்தாலும், அதற்குள் பலர் கிளம்பிவிட்டார்கள். கட்டியதை மூட்டை கட்டி எடுத்துப் போவதும் எளிதாக இல்லை. பொருள் இருப்பது நிறுவனத்தின் சர்வரில். வேறொருவர் செய்த பகுதியை நீங்கள் நகலெடுக்க அனுமதியும் இருக்காது. காலத்துக்கும் காத்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட நூலகர்களுக்கு இது எவ்வளவு வலித்திருக்கும்!

நிறையப் பேர் போய்ச் சேர்ந்தது ஓப்பன்சிமுலேட்டருக்கு. 2007-இல் தொடங்கிய திறமூல மென்பொருள் அது; அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். செகண்ட் லைஃப் மாதிரியான உலகத்தை உங்கள் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். ஒரு சதுரம் முழுவதையும், மண்ணின் மேடு பள்ளம் முதல் சுவரொட்டிக்குள் இருக்கும் நிரல் வரை, ஒரே கோப்பாகக் கட்டி எடுத்து வைக்கும் வசதி அதில் உண்டு. என்னைக் கேட்டால் ஒரு நூலகம் முதலில் பார்க்க வேண்டிய வசதி அதுதான்.

நானும் ஒரு பழைய லேப்டாப்பில் அதை நிறுவிப் பார்த்தேன். முதல்முறை உள்ளே போனதும், கடல் நடுவே ஒரு சின்ன மண்மேடு, அதன்மேல் நான். தரையில் க்ளிக் செய்து ஒரு பெட்டி உண்டாக்கினேன். அரை மீட்டர் கனசதுரம், பிளைவுட் நிறம். வேறொரு ஊரில் இருக்கும் நண்பர் உள்ளே வந்து, அதை இழுத்து நீட்டி மேசையாக்கினார். அவர் கையிலிருந்து புள்ளிகள் பறப்பதைப் பார்த்துக்கொண்டே நான் இரண்டாவது பெட்டியை அலமாரியாக நிமிர்த்தினேன். பாதியில் அவருக்கு வேலை வந்தது, இருவரும் வெளியேறினோம். ஒரு வாரம் கழித்து நான் மட்டும் உள்ளே போனேன். மேசை அவர் விட்ட இடத்திலேயே, கொஞ்சம் கோணலாக நின்றது. அலமாரியில் மூன்றாவது தட்டை மாட்டிவிட்டு, அவர் பார்க்க ஒரு குறிப்பை மேசைமேல் வைத்தேன்.