ஆற்றுப்படுத்தல்: அகதிக்குக் கதி காட்டும் சொல்

'புகலிடம் கேட்டு வந்தவர்களுக்கு ஆலோசனையும் தொழிற்பயிற்சியும் அளித்து அவர்களைத் தற்சார்பு உடையவர்களாக்குதல்.' தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும். இலக்கணப் பிழை ஏதும் இல்லை, பொருளும் விளங்குகிறது. ஆனால் 'ஆலோசனை' என்ற இடத்தில் எனக்கு எப்போதும் ஓர் இடறல். அந்த இடத்துக்கென்றே வார்த்தது போல ஒரு சொல் தமிழில் இருக்கிறது: ஆற்றுப்படுத்தல். இலங்கைத் தமிழில் கவுன்சிலிங்குக்கு இதைத்தான் சொல்கிறார்கள். அது ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க, முதலில் 'அகதி'யிலிருந்து தொடங்க வேண்டும்.

அகதி வடசொல். அ + கதி. கதி என்றால் போக்கு, செல்லும் வழி. அதிலிருந்து 'புகல்' என்ற பொருளும் வந்தது. 'நீயே கதி' என்று சொல்லும்போது புகல், 'அதோகதி' என்னும்போது கீழ்நோக்கிய போக்கு. ஆக, போக வழியும் இல்லாமல் புக இடமும் இல்லாமல் நிற்பவர் அகதி. பழகிப்போன சொல் என்பதால் அதற்குள் இருக்கும் இந்த இல்லாமை நம் காதில் விழுவதில்லை.

புகலிடத்துக்கு ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லான 'அசைலம்' கிரேக்க மூலம் கொண்டது. அங்கேயும் முன்னால் நிற்பது அதே மறுப்பு 'அ'தான். பின்பாதி, ஒருவரையோ அவர் பொருளையோ பறித்துக்கொள்ளும் உரிமையைக் குறிப்பது. எனவே அசைலம் என்றால் பறிக்க முடியாத இடம். உள்ளே வந்தவர்மேல் துரத்தி வந்தவன் கைவைக்கக் கூடாத இடம். ஒரே மறுப்பெழுத்து, ஒரு சொல்லில் மனிதர் இழந்ததைச் சொல்கிறது, இன்னொன்றில் அவரைத் துரத்துபவன் இழப்பதைச் சொல்கிறது!

அகதிக்குத் தனித்தமிழில் 'ஏதிலி' என்று எழுதுவார்கள். 'ஏதும் இல்லாதவர்' என்று அதைப் பிரித்துச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் ஏதிலார் என்றால் அயலார். 'ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்' என்று குறள் சொல்வது அந்தப் பொருளில்தான். அகதி என்பது அவர் நிலையைச் சொல்கிறது என்றால், ஏதிலி நாம் அவரைப் பார்க்கும் பார்வையைச் சொல்கிறது. தூய தமிழ் என்ற ஒரே காரணத்துக்காக அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தஞ்சத்துக்கும் ஒரு பழங்கதை உண்டு. 'தஞ்சக் கிளவி எண்மைப் பொருட்டே' என்கிறது தொல்காப்பியம். அன்றைக்கு அதன் பொருள் எளிமை. புகல் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அடைக்கலம் என்பது பாதுகாக்கச் சொல்லி ஒருவரிடம் ஒப்படைப்பதையும் குறிக்கும். சிலப்பதிகாரத்தில் கண்ணகியை மாதரியிடம் கவுந்தியடிகள் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். வீட்டுக்குள் வந்து கூடு கட்டும் சிட்டுக்குருவிக்கு அடைக்கலங்குருவி என்று பெயர் வைத்தவர்கள், அது அனுமதி கேட்டதா என்று பார்க்கவில்லை.

சட்டம் பார்க்கும். அதனால்தான் இங்கே இரண்டு பெயர்கள் தேவைப்படுகின்றன. இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தப்படுவோம் என்ற தகுந்த அச்சத்தால் நாட்டைவிட்டு வெளியே நிற்பவரை 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை அகதி என்கிறது. புகலிடம் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் புகலிடக் கோரிக்கையாளர். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பேச்சில் இது 'அசைலம் அடித்தல்'. செய்தித்தாள்கள் இரண்டு பேரையும் அகதி என்று எழுதிவிடுகின்றன. ஒருவகையில் அது தவறும் இல்லை. அங்கீகாரம் ஒருவரை அகதி ஆக்குவதில்லை, ஏற்கெனவே அகதியாக இருப்பவரை அகதி என்று ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் வேலை செய்யும் உரிமை என்று வரும்போது இந்த வேறுபாடு வயிற்றில் அடிக்கும்.

சரி, ஆற்றுப்படுத்தல். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்தல் என்றால் ஒருவரை வழியில் சேர்த்தல். கதி இல்லாதவர் அகதி, கதியில் சேர்ப்பது ஆற்றுப்படுத்தல். வடசொல்லின் காயத்துக்குத் தமிழ்ச்சொல் மருந்து வைத்திருக்கிறது. வேறு வேர்களிலிருந்து வந்து ஒலியால் பக்கத்தில் நிற்கும் உறவினர்களும் இதற்கு உண்டு. சூட்டையும் துயரத்தையும் தணிப்பது ஆற்றுதல். ஒரு வேலையைச் செய்து முடிப்பதும் ஆற்றுதல்தான், 'பணியாற்றினார்' என்கிறோமே. துயரம் தணிவது, வழி தெரிவது, வேலையில் அமர்வது என்று நல்ல ஆற்றுப்படுத்தல் நடக்கும் வரிசையும் இதுவே. சொற்பிறப்பு இதற்குச் சாட்சி சொல்லாது, காது சொல்கிறது.

ஆலோசனை, அறிவுரை என்பவற்றில் ஒருவர் மேலே உட்கார்ந்து சொல்ல, மற்றவர் கீழே நின்று கேட்கும் சாயல் இருக்கிறது. சங்கப் பாட்டின் ஆற்றுப்படை அப்படி இல்லை. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனிடம் சொல்கிறான்: இந்த வழியாகப் போ, இடையில் இந்த ஊரில் தங்கு, அங்கே இது கிடைக்கும், அப்புறம் இவரைப் பார். 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ' என்பது தொல்காப்பியம் இதற்குச் சொல்லும் இலக்கணம். பட்டவன் பட்டுக்கொண்டிருப்பவனுக்குச் சொல்வது. இன்று அகதிகளுக்கான அமைப்புகளில், முன்பே வந்து நிலைபெற்றவர்களைக் கொண்டே புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டுவது இதே முறைதான். விசாரணை அறையில் எப்படிக் கேள்வி கேட்பார்கள், பதில் வராத மாதங்களில் தூக்கம் எப்படிக் கெடும் என்பதைப் படித்துத் தெரிந்தவரைவிட இருந்து பார்த்தவர் சொன்னால் நெஞ்சில் இறங்கும். அதிர்ச்சியால் வந்த நோய்க்கு மட்டும் பயிற்சி பெற்ற உளநல வல்லுநர்தான் வேண்டும். அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

தொழிற்பயிற்சி என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. அதைப் பற்றிய ஒரு தப்பெண்ணத்தைத்தான் சொல்ல வேண்டும். வந்தவருக்குத் தொழிலே தெரியாது என்று எடுத்துக்கொண்டு தையல், சமையல் என்று தொடங்கிவிடுகிறார்கள். பலர் தொழிலோடுதான் வருகிறார்கள், சான்றிதழ்தான் எரிந்துபோயிருக்கும். 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கை, ஆவணம் இல்லாத அகதிகளின் கல்வித் தகுதியையும் நியாயமாக மதிப்பிட வழி செய்யும்படி நாடுகளைக் கேட்கிறது. அதன் தொடர்ச்சியாக ஐரோப்பிய மன்றம், நேர்காணல் வழியாகத் தகுதியைக் கணித்து ஒரு 'தகுதிக் கடவுச்சீட்டு' வழங்குகிறது. இதில் இன்னும் பழைய முன்னோடியும் உண்டு. 1925 முதல் 1929 வரை அகதிகளுக்கு வேலை தேடித்தரும் பணியைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பே பார்த்தது. அகதியை முதலில் தொழிலாளியாகப் பார்த்த காலம் அது.

தற்சார்பு: தன் + சார்பு. சுயசார்பு பாதி வடமொழி, பாதி தமிழ். தன்னிறைவு வேறு, அது வெளியிலிருந்து எதுவும் வேண்டாத நிலை. அப்படி இங்கே யாரையும் எதிர்பார்க்க முடியாது. பேச்சில் சொல்லும் 'சொந்தக் காலில் நிற்பது'தான் இதற்கு மிக நெருக்கம். ஐ.நா. அகதிகள் ஆணையம் இதை உணவு, உறைவிடம், கல்வி, பாதுகாப்பு முதலிய அடிப்படைத் தேவைகளைக் கண்ணியத்தோடும் நீடித்தும் நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றல் என்று விளக்குகிறது. 2018ஆம் ஆண்டின் உலகளாவிய அகதிகள் இணக்கத்தின் நான்கு நோக்கங்களில் ஒன்று இந்தத் தற்சார்பை வளர்ப்பது.

ஆனால் சொந்தக் காலில் நில் என்று சொல்லிக்கொண்டே காலைக் கட்டிப்போடும் சட்டங்கள் உண்டு. பிரிட்டனில் புகலிடக் கோரிக்கையாளர் முடிவுக்காக 12 மாதம் காத்திருந்த பிறகுதான் வேலைக்கு அனுமதி கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு விதி 9 மாதம் வரை காக்கவைக்க இடம் தந்தது. 2024இல் வந்த புதிய விதி அதை 6 மாதமாகக் குறைத்தது. உகாண்டாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டமோ அகதிகளுக்கு வேலை செய்யும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை இல்லாத இடத்தில் தொழிற்பயிற்சி என்பது சான்றிதழ் அடுக்கும் வேலை. உதவித்தொகையை வெட்டுவதற்கு நாகரிகமான பெயராகவும் 'தற்சார்பு' சில நேரம் பயன்படுகிறது. அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்தால், பக்கத்தில் 'வேலை உரிமை' என்ற சொல் இருக்கிறதா என்று நான் தேடுவேன்.

வழிகாட்டுபவரை ஆற்றுப்படுத்துநர் என்கிறோம், அது நன்றாகவே இருக்கிறது. வழி பெறுபவரை என்ன சொல்வது? 'பயனாளி' என்பது இப்போதைய வழக்கு, கை நீட்டி நிற்கும் தோற்றம் அதில். பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படைக்கு மட்டும், சென்று சேரவேண்டிய முருகனின் பெயர். மற்றவை பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை என்ற மலைபடுகடாம். நான்கிலும் இருப்பது வழி பெறுபவனின் தொழிலைச் சொல்லும் பெயர். வழியில் நிற்கும்போது அவனிடம் சோறில்லை, யாழும் தொழிலும் இருந்தன. அந்தப் பெயராலேயே அவனை அழைத்தார்கள்.